மக்காச்சோள வயல்களுக்கு நடுவே குடியேறுதல்: நடு இல்லினாயின் சிற்றூர்களுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு

சென்னையிலும் திருவள்ளூரிலும் உள்ள, கனரக இயந்திரங்கள் செய்யும் கேட்டர்பில்லர் நிறுவனத்தின் பணியிடங்களிலிருந்து பியோரியாவுக்கு மாற்றலாகி வரும் பொறியாளர்கள் பலர் முதலில் நகரத்தை ஒட்டிய அடுக்ககங்களில் தங்கிவிட்டு, ஓராண்டு கழிந்ததும் பிள்ளைகளின் பள்ளிக்காகவோ வீட்டு விலைக்காகவோ பத்துப் பதினைந்து மைல் தள்ளியுள்ள சிற்றூர்களில் வீடு தேடத் தொடங்குகிறார்கள். மருத்துவர்களுக்கு அந்த ஓராண்டு அவகாசமும் கிடைப்பதில்லை. ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர், இரண்டாண்டு தாயகத்தில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய ஒப்புக்கொள்கிறார். 1994 இல் தொடங்கிய கான்ராட் திட்டம் இதற்கென இப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடங்களை அளிக்கிறது. அவற்றில் பல நாட்டுப்புறத்தில்தான் அமைகின்றன. இந்த இரு வழிகளில் வருவோரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். நான் பியோரியாவை ஒட்டிய டேஸ்வெல் கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஒரு வில்லேஜில் 14 ஆண்டுகளாக வசிப்பவன். ஆகவே இங்கே சொல்வன அந்த வட்டாரத்துக்கே முழுமையாகப் பொருந்தும்.

‘வில்லேஜ்’ என்றதும் நம் மனத்தில் தோன்றும் கிராமத்தை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லினாயில் அது ஊரின் அளவைக் குறிக்கும் சொல் அன்று; உள்ளாட்சியின் ஒரு சட்ட வடிவம். சிகாகோ அருகே தமிழர்கள் நிறைய வசிக்கும் ஷாம்பர்க், 70,000 பேருக்கு மேல் இருந்தும் சட்டப்படி வில்லேஜ்தான். பக்கத்து மாநிலங்களில் விதி வேறு; ஒகாயோவில் மக்கள்தொகை 5,000 ஆனால் வில்லேஜ் நகரமாகிவிடும். எங்கள் பக்கத்தில் மார்ட்டன் 17,000 பேர் கொண்ட வில்லேஜ், ட்ரிமாண்ட் 2,000 பேரைச் சற்றே தாண்டிய வில்லேஜ். பொதுவாக ஒரு தலைவரும் டிரஸ்டிகள் எனப்படும் ஆறு மன்ற உறுப்பினர்களும் ஊரை ஆள்கிறார்கள். அவர்கள் முழுநேர அரசியல்வாதிகள் அல்லர். டிரஸ்டியாக இருப்பவரே பகலில் உங்கள் வீட்டுக் குழாயைப் பழுதுபார்ப்பவராகவோ உங்கள் குழந்தையின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவராகவோ இருப்பார். குடிநீர்க் கட்டணம், பழைய கொட்டகையை இடிக்க அனுமதி, தெருவில் கோல்ஃப் வண்டி ஓட்ட அனுமதி ஆகிய எல்லாவற்றுக்கும் வில்லேஜ் ஹாலில் ஒரே மேசைதான். அந்த மேசையில் இருக்கும் எழுத்தர் அம்மையாரிடம் ஊரைப் பற்றி அறியாத செய்தி இராது. முதல் வாரத்திலேயே நேரில் சென்று அவரிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன், ஏனெனில் இதில் தவறினால் பிறகு சரிசெய்வது கடினம். இல்லினாயில் குடியேறியவர் வேற்றிட ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு 90 நாள் வரைதான் ஓட்டலாம். புதிய உரிமம் வாங்கச் செல்லும்போது, வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று அங்கேயே கேட்கக்கூடும். குடியுரிமை பெறாதவர் கட்டாயம் மறுத்துவிட வேண்டும். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டுப் பதிவாகிவிட்டால், பின்னாளில் பச்சை அட்டைக்கும் குடியுரிமைக்கும் பெரும் இடையூறாகும். வாக்களிக்க முடியாதே தவிர, வில்லேஜ் கூட்டத்துக்கும் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பேசலாம்.

இனி மக்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். ஊருக்குள் நுழையும்போது தொலைவிலேயே கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டியும் கிரெயின் எலிவேட்டரும் ஆகும். பின்னது தானியத்தை வாங்கிச் சேர்த்து லாரியிலும் இரயிலிலும் ஏற்றியனுப்பும் உயர்ந்த கிடங்கு. இவ்வூர்களில் பல இரயில் நிலையத்தையும் அந்தக் கிடங்கையும் சுற்றித்தான் முளைத்தன. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைகின்றன. ஒரு காலத்தில் இது நீர் தேங்கிக் கிடந்த புல்வெளி; நிலத்தடியில் சுட்டமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்த பிறகுதான் இந்தக் கரிய மண் உழவுக்கு வசப்பட்டது. அந்த ஒட்டும் மண்ணைத் தானே வழித்துக்கொள்ளும் எஃகுக் கலப்பையை 1837 இல் ஜான் டியர் என்ற கொல்லர் செய்தது இதே மாநிலத்தின் கிராண்ட் டீட்டூர் என்னும் சிற்றூரில்தான்.

வயலில் நிற்கும் மக்காச்சோளத்தைப் பார்த்துவிட்டு, நான்கு கதிர் ஒடித்துச் சுட்டுத் தின்னலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது கால்நடைத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் ஏற்றுமதிக்கும் உரிய கெட்டி ரகம். பீக்கின் நகரத்து எத்தனால் ஆலைகளுக்கும், இல்லினாய் ஆற்றின் படகுகளில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கும் அது போகிறது. தின்பதற்கான இனிப்புச் சோளம் ஜூலையில் சாலையோரத்து மேசையில் குவித்து வைக்கப்பட்டிருக்கும். விற்பவர் இருக்க மாட்டார், பணம் போட ஒரு பெட்டி மட்டும் இருக்கும். மார்ட்டன் பக்கம் பூசணியும் உண்டு. நெஸ்லேயின் லிப்பிஸ் ஆலை அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் டப்பாவில் விற்கும் பூசணியின் பெரும்பங்கு அந்த ஓர் ஊரில் அடைக்கப்படுகிறது. செப்டம்பரில் பூசணித் திருவிழா நடக்கும். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

ஆனால் ஊரார் எல்லாரும் உழவர்கள் என்று எண்ணினால் அது பிழை. இரண்டாயிரம் ஏக்கரை ஒரு குடும்பமே, வழிகாட்டும் செயற்கைக்கோள் கருவி பொருத்திய இயந்திரங்களைக் கொண்டு உழுதுவிடும் காலம் இது. அந்த நிலத்திலும் பெரும்பகுதி குத்தகை நிலமாக இருக்கும், உரிமையாளர் சிகாகோவிலோ ஃபுளோரிடாவிலோ வசிக்கும் அத்தையாக இருப்பார். உழவரின் மனைவி மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை பார்ப்பார். ஒரு காரணம் சம்பளம், அதைவிடப் பெரிய காரணம் அந்த வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு. மற்றவர்கள் காலை ஐந்தரைக்கே பிக்கப் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஈஸ்ட் பியோரியாவின் டிராக்டர் ஆலைக்கும், மாஸ்வில் ஆய்வுக்கூடத்துக்கும், பாகக் கிடங்குகளுக்கும், மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். உங்களோடு ஒரே நிறுவனத்தில் பணிபுரியும் வெல்டர் ஒருவர் மாலையில் எண்பது ஏக்கரில் தம் தந்தைக்கு உதவிக்கொண்டிருப்பார். அவருடைய அக்டோபர் விடுப்பு ஓய்வுக்கன்று, அறுவடைக்கு. நவம்பர் பிற்பகுதியில் மான் வேட்டைக் காலம் வரும். அது தொடங்கும் வெள்ளிக்கிழமையில் முக்கியக் கூட்டம் வைத்தால் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். திட்ட மேலாளராக வருவோர் இவ்விரண்டையும் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

ஆலை வேலையைப் பற்றிய பேச்சில் ஒரு காயம் மறைந்திருக்கிறது. 1980களில் வட்டி ஏறி நில விலை சரிந்தபோது பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. அதே காலத்தில் ஆலைகளும் ஆட்களைக் குறைத்தன. பிறகு 1991-92 இலும், மீண்டும் 1994 ஜூன் முதல் 1995 டிசம்பர் வரையிலும் வாகனத் தொழிலாளர் சங்கம் கேட்டர்பில்லரில் வேலைநிறுத்தம் செய்தது. இரண்டாவது வேலைநிறுத்தம் 17 மாதம் நீடித்தது. கூலி இல்லாமல் தாக்குப்பிடித்தவர்களும் உண்டு, மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போனவர்களும் உண்டு. ஒரே சர்ச்சில், ஒரே குடும்பத்தில், இந்த இரு தரப்பாரும் இருந்தார்கள். ஒருவரோடொருவர் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு நெடுநாள் புரியாதிருந்த இரண்டு அண்டை வீட்டாருக்கு இடையே இதுதான் இருந்தது என்று பின்னாளில் மூன்றாமவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். நிறுவனத்தின் தலைமையகம் 2017 இல் சிகாகோ அருகிலுள்ள டியர்ஃபீல்டுக்கும், பின்னர் டெக்சாஸுக்கும் போனதும் சேர்ந்தே நினைவில் இருக்கிறது. வேலை உங்கள் நாட்டுக்குப் போய்விடுகிறதே என்று மதுக்கடையிலோ முடிதிருத்தகத்திலோ ஒருவர் உங்களிடம் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மீதுள்ள பகை அன்று. அவருடைய தந்தை இழந்த வேலையின் நினைவு. புள்ளிவிவரம் எடுத்து வாதிடாமல், அவர் தந்தை எந்தப் பிரிவில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள்.

இதனால் நிறவெறியே இல்லை என்று சொல்ல வரவில்லை. பீக்கின் என்ற ஊர்ப்பெயர் சீனத் தலைநகரின் பெயரிலிருந்து வந்தது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளி அணிக்குச் சீனரை இழித்துரைக்கும் சொல் ஒன்றே 1980 வரை பெயராக இருந்தது, அதன் பிறகுதான் டிராகன் என்று மாற்றினார்கள். பள்ளியில் உங்கள் குழந்தையை யாரேனும் நிறம் சொல்லிக் கேலி செய்தால், ‘போகட்டும்’ என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எழுத்தில் வந்ததற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆயினும் நாள்தோறும் நீங்கள் சந்திக்கப் போவது வெறுப்பை விட ஆர்வத்தையும் ஒருவகைக் கூச்சத்தையும்தான்.

அந்தக் கூச்சத்தின் மொழியைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்றாண்டு பிடித்தது. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அது வணக்கம், நீங்களும் உயர்த்த வேண்டும். ‘மோசமில்லை’ என்றால் மிக நன்றாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் கொடுத்த வத்தக்குழம்பைச் சுவைத்துவிட்டு ‘வித்தியாசமாக இருக்கிறது’ என்றால் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘ஒருநாள் சந்திப்போம்’ என்பது அழைப்பு அன்று. நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. விடைபெறும்போது தொடையில் தட்டி எழுந்த பிறகும் வாசலில் அரைமணி நேரம் பேசுவார்கள், இதில் மட்டும் நம் அத்தைகளுக்கு இவர்கள் சளைத்தவர்கள் அல்லர். படிப்பு, பதவி, சம்பளம், வீட்டின் விலை ஆகியவற்றைத் தாமே எடுத்துச் சொல்பவரை இங்கே ஒருவரும் மதிப்பதில்லை. மருத்துவரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். அது அவமரியாதை அன்று.

‘எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?’ என்று முதல் மாதத்திலேயே கேட்பார்கள். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதும் இதுவும் ஒன்றே. உங்கள் மனிதர்கள் யார் என்பதுதான் கேள்வி. நாங்கள் இந்துக்கள், பியோரியாவிலுள்ள கோவிலுக்குப் போகிறோம் என்று இயல்பாகச் சொன்னால் போதும். எங்கள் வட்டாரத்தில் லுத்தரன், கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபைகளோடு, சுவிஸ், ஜெர்மன் மரபில் வந்த அப்போஸ்தலிக் கிறிஸ்டியன் சபையாரும் கணிசமாக இருக்கிறார்கள். எளிமையும் கடின உழைப்பும் உள்ள மக்கள், ஊரின் தொழிற்கூடங்கள் பலவும் அவர்களுடையவை. உங்கள் வீட்டில் நோய் என்று கேள்விப்பட்டால் ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்பார்கள். நன்றி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரானவர்கள் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் பொரித்த மீன் விருந்துக்குச் சென்றால் ஒரே மாலையில் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். மற்றவர்களுக்கும் அங்கே தடையில்லை.

வீடு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாடகை வீடுகள் மிகக் குறைவு. அவையும் இணையத்தில் வருவதில்லை, கேசிஸ் என்ற பெட்ரோல் நிலையக் கடையின் காலைக் காப்பிக் கூட்டத்தில் வாய்வழியாகவே போய்விடும். வாங்குவதாக இருந்தால் சொத்து வரியைக் கவனியுங்கள்: இல்லினாயில் அது அதிகம், அதன் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது, மேலும் ஓராண்டு பின்தங்கியே வசூலிக்கப்படுகிறது. 2024 ஆம் ஆண்டின் வரி 2025 இல்தான் கேட்கப்படும். ஆகவே விற்பவர் குடியிருந்த காலத்துக்கான வரியைப் பத்திரம் முடிக்கும்போதே கழித்துக்கொள்ள வேண்டும். முன்னர் சொன்ன நீர் தேங்கும் மண், வீட்டின் பேஸ்மென்ட் என்னும் நிலவறையிலும் தன் குணத்தைக் காட்டும். அங்கே தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஓடுகிறதா, மின்சாரம் போனால் ஓட்ட பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை, முதல் ஏப்ரலிலேயே நான்கு பெட்டித் தமிழ்ப் புத்தகங்கள் நனைந்து கூழாயின. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் குழி தோண்டும் ஆசை வந்தால், கறிவேப்பிலை பனியில் நிற்காது என்பது ஒருபுறமிருக்க, எந்தக் குழிக்கும் முன்னால் 811 என்ற எண்ணை அழைத்து நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் சொல்வது சட்டம்.

சாலைகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதியவர்கள் ஆபத்தில் சிக்குவது அங்கேதான். 1785 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலத்தை மைல் சதுரங்களாக அளந்ததால், நாட்டுப்புறச் சாலைகள் மைலுக்கொன்றாக நேர்கோட்டில் ஓடி ஒன்றையொன்று வெட்டுகின்றன. பல சந்திப்புகளில் நிறுத்தப் பலகைகூட இராது. மே மாதத்தில் நாற்புறமும் திறந்து கிடக்கும் அதே சந்திப்பை, ஆகஸ்டில் எட்டடி உயரப் பயிர் சுவர்போல் மறைத்துவிடும். குறுக்கே வரும் வண்டி கடைசி நொடி வரை தெரியாது. அறுவடைக் காலத்தில் இருவழிச் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு கம்பைன் என்னும் அறுவடை இயந்திரம் ஊர்ந்து செல்லும். பின்னால் இருக்கும் ஆரஞ்சு முக்கோணம் மெதுவாகச் செல்லும் வாகனம் என்பதற்கு அடையாளம். ஒலியெழுப்பாதீர்கள், இடம் கிடைத்ததும் அவரே ஒதுங்குவார், அவர் உங்கள் பள்ளி வாரிய உறுப்பினராகவும் இருக்கக்கூடும். பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் இருவழிச் சாலையில் இரு திசையினரும் நிற்க வேண்டும். தாண்டினால் முதல் முறையே மூன்று மாதம் உரிமம் பறிபோகும். நவம்பரின் அந்தி வேளைகளில் மான்கள் பாயும். திசையைத் திருப்பிப் பள்ளத்தில் கவிழ்வதைவிட நேராகப் பிரேக் பிடிப்பதே மேல். வசந்தத்தில் வயலோரம் நிற்கும் வெண்ணிறத் தொட்டிகளில் இருப்பது அம்மோனியா உரம். கசிவு வாடை அடித்தால் காற்று எதிரே வரும் திசைக்கு விலகிச் செல்லுங்கள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊரெங்கும் சங்கு ஊதினால் அஞ்ச வேண்டாம், அது சுழற்காற்று எச்சரிக்கைச் சங்கின் மாதச் சோதனை. வேறு எந்த நேரத்தில் ஊதினாலும் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிவிடுங்கள். 2013 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு அருகிலுள்ள வாஷிங்டன் என்ற ஊரின் ஒரு பகுதியை, மிகக் கடுமையான இ.எஃப்-4 வகைச் சுழற்காற்று தரைமட்டமாக்கியது. நவம்பரில் அப்படி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குளிரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 2019 ஜனவரி 31 அன்று மாநிலத்தின் வடமேற்கில் மவுன்ட் கேரலில் பாரன்ஹீட் அளவில் சுழியத்துக்குக் கீழே 38 பாகை பதிவானது என்பதை மட்டும் சொல்லி, வண்டியில் போர்வையும் மண்வாரியும் வைத்துக்கொள்ளச் சொல்வதோடு நிறுத்துகிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் ஆளிருக்க மாட்டார்கள் என்பது புதியவர்களை அதிர வைக்கும் செய்தி. வீரர்கள் அனைவரும் தொண்டர்கள். அழைப்பு வந்ததும் வங்கியிலிருந்தும் வயலிலிருந்தும் ஓடி வருவார்கள். எங்கள் முதல் குளிர்காலத்தில் சன்னலைத் திறக்காமல் மிளகாய் தாளித்ததில் புகைமணி அலற, அடுத்த ஆறு நிமிடத்தில் வாசலில் நின்றவர்களில் என் மகளின் கணித ஆசிரியரும் இருந்தார். (வீட்டுக்கு வெளியே புகை போக்கும் காற்றாடி உண்டா என்று வாங்கும்போதே பாருங்கள், பல வீடுகளில் அது புகையைச் சமையலறைக்குள்ளேயே சுற்றிவிடும்.) அந்த நிலையத்துக்குப் பணம் திரட்ட நடக்கும் பான்கேக் விருந்துக்கு நாங்கள் ஒருமுறையும் தவறியதில்லை. தொண்டராகச் சேர விரும்பும் விசாக்காரர்கள், சில நிலையங்கள் அழைப்புக்கு இவ்வளவு என்று சிறு தொகை தருவதால், வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு சேர வேண்டும். விருந்தில் மேசை துடைக்கவும் பள்ளி விளையாட்டில் சோளப்பொரி விற்கவும் எந்த வழக்கறிஞரும் தேவையில்லை. பள்ளி என்பது இங்கே ஊரின் மையம். மாணவர் குறைந்து டீர் கிரீக்கும் மாக்கினாவும் சேர்ந்து ‘டீ-மேக்’ என்று ஒரே பள்ளியானது போன்ற இணைப்புகளைக் கடந்து வந்தவர்கள் ஆதலால், வெள்ளி இரவு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைக்கூடக் கவனிப்பார்கள்.

இவ்வூர்களில் யாரும் உங்களை முறையாக அழைத்து உள்ளே உட்கார வைக்க மாட்டார்கள். ஒரு வேலை நடக்கும் இடத்தில் நீங்களே போய் நின்றால் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார்கள். ஓர் அக்டோபரில் எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள வயல்காரர் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடந்தார். சனிக்கிழமை விடியலில் ஐந்து கம்பைன்களும் பத்துப் பன்னிரண்டு லாரிகளும் அவர் நிலத்தில் இறங்கின. பிறர் தம் அறுவடையை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை, கூலி பேசவில்லை. எனக்கு எந்த இயந்திரமும் ஓட்டத் தெரியாது. நானும் மனைவியும் போய் நின்றோம்; வயலுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோகும் வேலை கிடைத்தது. பெண்கள் வீட்டுக்கொரு பாத்திரமாகக் கொண்டுவந்த காசரோல் என்னும் அடுப்பில் சுட்ட கலவை உணவுகளுக்கு நடுவே எங்கள் எலுமிச்சைச் சோறும் மாலைக்குள் தீர்ந்திருந்தது.

அப்படிப்பட்ட நாளுக்கோ, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் சர்ச் பாட்லக் விருந்துக்கோ சமைத்துச் செல்லும்போது எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், கேசரி ஆகியவை எளிதில் செல்லுபடியாகும். மிளகாயை நான்கில் ஒரு பங்காகக் குறையுங்கள். வேர்க்கடலையோ முந்திரியோ சேர்த்திருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக ஒரு சீட்டில் எழுதி முன்னால் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் காகித நாடா ஒட்டி உங்கள் குடும்பப் பெயரை எழுத மறக்காதீர்கள். எல்லார் பாத்திரத்திலும் அப்படி எழுதியிருக்கும். கழுவித் துடைத்து, பெரும்பாலும் உள்ளே நான்கு பிஸ்கட்டோடு, வாரத்துக்குள் உங்கள் வாசலுக்கு அது திரும்பி வரும்.